உயிரோடுதான் கொடுக்க வேண்டுமா?

(செல்லப்பிராணி வளர்ப்பு பற்றிய தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'செல்லப்பிராணி வளர்க்க அன்பு மட்டும் போதுமா?' என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசியவர்கள் நாயைப் பற்றிச் சொன்னார்கள், பூனையைப் பற்றிச் சொன்னார்கள், கிளியைப் பற்றியும் சொன்னார்கள். கேட்க இனிமையாக இருந்தது. நான் பேசப் போவது பாம்பைப் பற்றி. தயவு செய்து யாரும் எழுந்து போய்விடாதீர்கள். பாம்பை நான் கையோடு கொண்டு வரவில்லை!

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் நடுங்கியது பாம்புதான். அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி

2023 ஜனவரியில் என் தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. நல்ல வேலை. ஆனால் அவன் நான்கு வருடமாக வளர்த்த பாம்பைக் கொண்டு போக முடியாது. சிங்கப்பூரில் வீட்டில் பாம்பு வளர்க்க அனுமதி இல்லை. "அக்கா, நீ பார்த்துக்க. எலி போட்டா போதும், அது பாட்டுக்குக் கிடக்கும்" என்றான். நானும் பெரிய மனதோடு சரி என்றேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டிலும் இஷ்டத்துக்குப் பாம்பு வளர்த்துவிட முடியாது. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவிடம் முதலில் கேட்க வேண்டும். என் பெயரில் உரிமம் எடுத்த பிறகுதான் அது எங்கள் வீட்டு வாசல்படியைத் தாண்டியது.

அது விஷமில்லாத மலைப்பாம்பு வகை. மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. பெயர் பால் பைத்தான். "பால் குடிக்கிற பாம்பா?" என்று அம்மா கேட்டார். பால் என்றால் பந்து. பயந்துவிட்டால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டு கொள்ளும். அதனால் வந்த பெயர். அம்மா மாதா மாதம் கோயில் புற்றுக்குப் பால் ஊற்றுபவர். அது அவருடைய நம்பிக்கை, அதில் நான் தலையிடுவதில்லை. ஆனால் பாலும் முட்டையும் வைத்து இந்தப் பாம்பை வளர்க்க முடியாது. அதன் உணவு எலி. வேறு வழியில்லை.

அந்தச் சனிக்கிழமை இரவு

தம்பி எப்போதும் உயிருள்ள எலியைத்தான் போடுவான். வந்த இரண்டாவது வாரம், நானும் கடையில் ஓர் எலி வாங்கி வந்து தொட்டிக்குள் விட்டேன். பாம்பு பார்த்தது, திரும்பிக் கொண்டது. எலியைப் பாம்பு பிடிப்பதைப் பார்க்க எனக்கும் மனதில் தெம்பில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். காலைக்குள் சாப்பிட்டுவிடும் என்று நினைப்பு.

காலையில் எலி நன்றாக இருந்தது. பாம்பின் முதுகில் ஐம்பது காசு அளவுக்குச் செதில் பிய்ந்து, சதை தெரிந்தது. இராத்திரி முழுக்க எலி அதைக் கடித்திருக்கிறது. பாம்பு திருப்பித் தாக்கவே இல்லை, மூலையில் பந்தாகச் சுருண்டு கிடந்தது.

நேயர்களே, பசியில்லாத பாம்போடு எலியைப் பூட்டி வைத்தால் இதுதான் நடக்கும். எலிக்கும் பசிக்கும், பயமும் இருக்கும். அதன் பல்லும் கூர்மையானது. இப்படிக் கடிபட்டுக் கண்ணை இழந்த பாம்புகள் உண்டு, செத்துப்போனவையும் உண்டு. எலியின் பக்கமும் பாருங்கள். தப்பி ஓட இடமில்லாத பெட்டிக்குள் இரவு முழுக்க அது பட்ட பாட்டுக்கும் நான்தானே காரணம்?

கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். அவர் புண்ணைச் சுத்தம் செய்து, ஊசி போட்டார். "மூணு வாரம் எதுவும் கொடுக்காதீங்க. அப்புறம், கொன்ன எலியைக் கொடுத்துப் பழக்குங்க. உயிருள்ளது இனி வேண்டாம்" என்றார்.

நான் செய்த தவறுகள்

எலிகளைக் கரியமில வாயு கொண்டு முறையாகக் கொன்று, உறைய வைத்து விற்கிறார்கள். ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். வீட்டு ஐஸ் பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் எலியா என்று அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. பழைய சிறிய ஐஸ் பெட்டி ஒன்றை வாங்கி வெளியே வைத்த பிறகுதான் சமாதானம் ஆனார். அது நியாயமும்கூட. எலியைச் சாப்பாட்டுப் பொருளோடு வைக்கக் கூடாது.

மூன்று வாரம் கழித்து எலியைக் கொடுத்தேன். தொடவில்லை. மறுநாள் கொடுத்தேன். அதற்கு மறுநாளும் கொடுத்தேன். இரண்டு வாரம் இப்படியே போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேடிக்கை பார்க்க, விளக்கு வெளிச்சத்தில், எலியைப் பாம்பின் முகத்துக்கு நேரே ஆட்டி ஆட்டிக் காட்டினேன். சாப்பிடவில்லையே என்ற கவலையில் தினமும் எடுத்துத் தடவிக் கொடுத்தேன். அன்புதான்! ஆனால் பாம்புக்கு அது அன்பாகத் தெரியவில்லை. என் கையைக் கண்டாலே பந்தாகிவிடும்.

மறுபடியும் மருத்துவர். எடை போட்டார். வரும்போது 940 கிராம் இருந்தது, இப்போது 890. "இந்த வகைப் பாம்பு மாசக் கணக்கா பட்டினி கிடக்கும். உடனே பயப்பட வேண்டாம். எடை பத்தில் ஒரு பங்கு குறைஞ்சா, இல்ல வாயில் சளி, மூச்சில் சத்தம் வந்தா உடனே கொண்டு வாங்க" என்றார். பிறகு எலியைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், வீட்டைப் பற்றிக் கேட்டார். தொட்டி எங்கே இருக்கிறது? ஒளிந்து கொள்ள இடம் இருக்கிறதா?

தொட்டி என் படுக்கையறையில் இருந்தது. இரவில் ஏர்கோன் ஓடும். வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் அந்த அறைக்குள் பாம்பு குளிரில்தான் கிடந்தது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக் கொள்ளாது. சூடு இல்லையென்றால் இரை செரிக்காது, செரிக்காது என்றால் அது சாப்பிடவும் சாப்பிடாது. ஒளிந்து கொள்ள இரண்டு கூடு வைத்திருந்தான் தம்பி. பாம்பை நன்றாகப் பார்க்க வேண்டும் என்று அதில் ஒன்றை நான் எடுத்துவிட்டேன். ஆக, எலியில் குறை இல்லை. குறை என்னிடம் இருந்தது.

பாம்பு எப்படிப் பார்க்கிறது?

செத்த எலியைப் பாம்பு ஏன் மறுக்கிறது? அதற்கு அது இரை என்றே தெரிவதில்லை. மலைப்பாம்பின் உதட்டு ஓரத்தில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். மிகச் சிறிய வெப்ப வேறுபாட்டையும் அவை உணரும். இருட்டில் உயிருள்ள எலி அதற்கு ஒரு சூடான உருவமாகத் தெரியும். நாக்கை நீட்டி வாசனையைப் பிடித்து, வாயின் மேல்புறம் உள்ள உறுப்பில் சேர்த்து, அது என்ன என்று தெரிந்து கொள்ளும். பிறகு அசைவு. சூடு, வாசனை, அசைவு ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் இரை. நான் கொடுத்தது பாதி குளிர்ந்த எலி. பாம்புக்கு அதுவும் ஒரு கட்டையும் ஒன்றுதான்.

செய்ய வேண்டியது இதுதான்

மருத்துவர் சொன்னதையும் என் அனுபவத்தையும் சேர்த்துச் சொல்கிறேன். வீட்டில் பாம்பு வளர்ப்பவர்கள் குறித்துக் கொள்ளலாம்.

முதலில் வீட்டைச் சரி செய்யுங்கள். பால் பைத்தானுக்குத் தொட்டியின் ஒரு பக்கம் 32 டிகிரி அளவிலும், மறுபக்கம் 26 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் உடம்பு ஒட்டிக் கொள்ளும் அளவுக்குச் சிறிய கூடு வேண்டும். பிறகு ஒரு வாரம் தொடவே தொடாதீர்கள். தண்ணீர் மட்டும் மாற்றுங்கள்.

இரண்டாவது, எலியின் அளவு. பாம்பின் உடம்பில் மிகத் தடித்த இடம் எவ்வளவோ, அவ்வளவு தடிமன் போதும். பெரிய எலியைக் கண்டு தயங்கும் பாம்பு சிறியதை எடுக்கும்.

மூன்றாவது, சூடு. உறைந்த எலியை முதல் நாள் இரவே கீழ்த்தட்டில் வைத்து இளக விடுங்கள். கொடுப்பதற்கு முன் பையில் கட்டி வெந்நீரில் வையுங்கள். கொதிக்கும் நீர் வேண்டாம், வெந்துவிடும். மைக்ரோவேவ் கூடவே கூடாது, உள்ளே வெந்து வயிறு வெடித்துவிடும். எலியின் உடம்பு 38 டிகிரி அளவில் இருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் தலையை மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக்கித் துடைத்துக் கொடுத்தால், பாம்பு தலைப்பக்கம் பிடிக்கும்.

நான்காவது, நேரம். இது இரவில் இரை தேடும் பாம்பு. பொழுது சாய்ந்த பிறகு, விளக்கைக் குறைத்து, தொலைக்காட்சியையும் நிறுத்திவிட்டு, ஒரே ஓர் ஆள் கொடுங்கள். கையால் கொடுக்காதீர்கள். சூடாக இருக்கும் உங்கள் விரலும் அதற்கு எலிதான்! நீளமான இடுக்கியால் எலியின் முதுகைப் பிடித்து, கூட்டின் வாசலுக்குச் சற்றுத் தள்ளி, எலி நடந்து போவது போல மெதுவாக நகர்த்துங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். பிடித்துச் சுற்றிக் கொண்டால் அசையாமல் நில்லுங்கள்.

எடுக்கவில்லையா? எலியைக் கூட்டு வாசலில் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். வெட்கப்படும் பாம்பு யாரும் இல்லாதபோது சாப்பிடும். நம் ஊர் வெக்கையில் சீக்கிரம் கெட்டுவிடும், எறும்பும் வந்துவிடும். ஆகவே சில மணி நேரத்தில் எடுத்து எறிந்து விடுங்கள். மறுபடி உறைய வைக்காதீர்கள். அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். தினமும் கொடுத்தால் பாம்புக்குப் பயம் கூடுமே தவிர பசி கூடாது.

அப்படியும் மறுத்தால் வாசனையை மாற்றிப் பாருங்கள். உயிருள்ள எலிக் கூண்டின் மரத்தூளை ஒரு பிடி வாங்கி வந்து, எலியை அதில் புரட்டிக் கொடுக்கலாம். சில பாம்புகளுக்கு இடையில் ஒரு படி தேவைப்படும். அப்போதுதான் முறைப்படி கொல்லப்பட்ட, சூடு ஆறாத எலியைச் சில முறை கொடுத்து, பிறகு உறைந்ததற்கு மாற்றுவார்கள். கொல்வதை வீட்டில் நீங்களாக முயலாதீர்கள். தெரியாமல் செய்தால் அது சித்திரவதை.

இன்னொன்று, கை கழுவுவது. ஊர்வனவற்றிடமும் தீவன எலியிடமும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். உறைந்த தீவன எலிகளால் இந்த நோய் பரவியது அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பதிவாகியிருக்கிறது. உறைய வைத்தால் இந்தக் கிருமி செத்துவிடாது. எலியை இளக்கும் பாத்திரத்தை அதற்கென்றே தனியாக வையுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

பதினோராவது வாரம்

எங்கள் வீட்டில் என்ன நடந்தது? தொட்டியை ஏர்கோன் இல்லாத அறைக்கு மாற்றினேன். எடுத்த கூட்டைத் திரும்ப வைத்தேன். ஒரு வாரம் தொடவில்லை. பிறகு முதல் முயற்சி தோல்வி. அடுத்த வாரமும் தோல்வி. தம்பிக்குப் போன் செய்து, "யாருக்காவது கொடுத்துடலாம்டா, என்னால முடியல" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அழுகிறான் என்று தெரிந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் அம்மா நிற்கிறார். "அது பட்டினி கிடக்குது, எனக்குத் தொண்டையில சோறு இறங்கல. இன்னும் ரெண்டு வாரம் பாரும்மா" என்றார். அதுவரை அந்த அறைப்பக்கமே போகாதவர் அவர்!

மூன்றாவது வாரம் மரத்தூளில் புரட்டிக் கொடுத்தேன். பாய்ந்து பிடித்தது, ஆனால் விட்டுவிட்டது. எனக்கு அதுவே தீபாவளி. நான்காவது வாரம், அது கடைசியாகச் சாப்பிட்டு 11 வாரம் ஆகியிருந்தது, தலையை நன்றாகச் சூடாக்கி, இருட்டில் நகர்த்தினேன். நாக்கு இரண்டு மூன்று முறை வெளியே வந்தது. அடுத்த நொடி பிடித்துச் சுற்றிக் கொண்டது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் எலி இல்லை. ஓடிப் போய் அம்மாவிடம் சொன்னேன். "சாமி" என்று கையெடுத்துக் கும்பிட்டார். செரிக்கட்டும் என்று இரண்டு நாள் அதைத் தொடவில்லை. அன்றிலிருந்து உயிருள்ள எலி எங்கள் வீட்டுக்குள் வரவில்லை.

நேயர்களே, பால் பைத்தான் நல்ல பராமரிப்பில் 20, 30 வருடம் வாழும். அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில், 60 வயதைத் தாண்டியதாகக் கருதப்படும் ஒன்று 2020இல் முட்டையிட்டது. இன்று ஆசைப்பட்டு வாங்கும் பிள்ளை நாளை வேலைக்குப் போவான், கல்யாணம் செய்வான், நாடு மாறுவான். அப்போது அந்த உயிரை யார் பார்ப்பது? வாங்குவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். தெரியாத்தனமாக வாங்கிவிட்டு, வளர்க்க முடியவில்லை என்று காட்டிலோ கால்வாயிலோ விட்டுவிடாதீர்கள்.

அன்பு மட்டும் போதுமா என்று கேட்டீர்கள். என்னிடம் அன்பு இருந்தது. அந்த அன்போடுதான் பாம்பைக் குளிரில் வைத்தேன், எலியோடு பூட்டினேன், தினமும் தொந்தரவு செய்தேன். அந்த உயிருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்து கொண்ட பிறகுதான் அது சாப்பிட்டது. அன்போடு அறிவும் வேண்டும், பொறுமையும் வேண்டும்.