ஆட்டம் நின்ற பிறகு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் பேசியது)



இன்றைக்கு நாம் பேசப்போவது அமெரிக்காவில் கால்பந்து ஆடிய டிஃபனி ராபர்ட்ஸ் என்ற பெண்ணைப் பற்றி. பந்து விளையாட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீங்க. கொஞ்சம் கேளுங்க.

1996-ல்தான் பெண்கள் கால்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டது. டிஃபனிக்கு அப்போது 19 வயது. அரையிறுதியில் எதிரணி நார்வே. அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரி ஹெகே ரீசே. அவர் போகிற இடமெல்லாம் நிழல் மாதிரி கூடவே ஓடி, பந்து கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் டிஃபனிக்குக் கொடுத்த வேலை. அமெரிக்கா ஜெயித்தது. இறுதி ஆட்டத்தைப் பார்க்க 76,481 பேர் வந்தார்கள். தங்கப் பதக்கமும் கிடைத்தது.

ஆனால் பதக்கம் சோறு போடாது இல்லீங்களா? முழுநேரச் சம்பளம் கொடுக்கும் பெண்கள் லீக் 2001-ல்தான் 8 அணிகளோடு தொடங்கியது. 5 வருடத்துக்கு என்று ஒதுக்கிய 4 கோடி டாலர் முதல் வருடத்திலேயே தீர்ந்துபோச்சு. வரவைப் பார்க்காமல் செலவு செய்தால் பெரிய முதலாளிகளுக்கும் இதே கதிதான். முன்னணி ஆட்டக்காரிகள் தங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டும் பார்த்தார்கள். 2003 செப்டம்பரில் லீக் நின்றுவிட்டது. டிஃபனி ஆடிய கரோலினா அணி 2002-ல் கோப்பை வாங்கிய அணி. மறுவருடமே அணியே இல்லை.

அவருக்குக் கை கொடுத்தது கல்லூரி. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்கள் ஆண், பெண் பாகுபாடு காட்டக்கூடாது என்று 1972-ல் அங்கே சட்டம் வந்தது. அதனால் கல்லூரிகளில் பெண்கள் அணிகள் பெருகின. 2007-ல் வர்ஜீனியாவில் ஒரு பல்கலைக்கழக அணிக்கும், 2013-ல் மத்திய புளோரிடா பல்கலைக்கழக அணிக்கும் டிஃபனி தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அவர் கணவர் டிம்மும் கால்பந்து ஆடியவர்தான். புளோரிடாவில் மனைவி தலைமையாகவும், கணவர் அவருக்கு அடுத்த இடத்திலும் இருந்தார்கள். (சிரிக்காதீங்க, நடக்கிற விஷயம்தான்!)

நன்றாக ஆடத் தெரிந்தவருக்கு நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. இது வேறு வேலை. பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளைத் தேடணும், பெற்றோரிடம் பேசணும், படிப்பையும் கவனிக்கணும். அவர் புளோரிடாவுக்குப் போன காலத்தில் ஒரு பெண்கள் அணிக்கு அதிகபட்சம் 14 முழு உதவித்தொகைதான். அணியிலோ இருபதுக்கு மேல் பிள்ளைகள். யாருக்கு முழுசு, யாருக்குப் பாதி என்று பிரித்துக்கொடுக்கணும். கடன் கேட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கும் குழுக் கூட்டத்தை நினைச்சுக்கோங்க, புரியும்.

இன்னொன்றையும் சொல்லணும். 1972-ல் அந்த நாட்டுக் கல்லூரிகளில் பெண்கள் அணிகளுக்கு நூற்றுக்கு 90-க்கு மேல் பெண்களே பயிற்சியாளர்கள். 2014-ல் அது சுமார் 43 ஆகிவிட்டது. அணிகள் பெருகின, பெண்கள் கையில் இருந்த பங்கு குறைந்தது. ஏன்? சம்பளமில்லாத, குறைந்த சம்பள வேலையாக இருந்தவரை பெண்களிடம் இருந்தது. நல்ல சம்பளம் வந்ததும் ஆண்கள் விண்ணப்பம் போட்டார்கள். ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தவர்களும் பெரும்பாலும் ஆண்களே.

நம்ம பக்கமும் இப்படித்தான். சும்மா எழுதும்வரை கணக்கு நோட்டு நம்ம கையில். ஊதியம் என்றதும், "எங்க வீட்டுக்காரர் பார்த்துக்குவார்" என்று நாமே நகர்ந்துவிடுகிறோம்.

அடுத்த மாதம் நம் கூட்டமைப்புக்குப் பயிற்றுநர் தேர்வு இருக்கிறது. ஊதியம் உண்டு. குழுத் தீர்மான நகலோடு உறுப்பினர்தான் நேரில் வரணும். கைக்குழந்தை இருந்தால் தூக்கிக்கிட்டு வாங்க, பார்த்துக்கொள்ள ஆள் வைத்திருக்கிறோம்.