தடை எங்கே?



'நெட் வரவில்லை' என்னும் சொற்றொடரைக் கேளாத வீடு இன்று அரிது. காய்ச்சல் என்னும் ஒரு சொல் பலவகை நோய்களுக்குப் பொதுப்பெயராய் நிற்பது போல, இச்சொற்றொடரும் பத்துப் பன்னிரண்டு குறைகளுக்குப் பொதுப்பெயராய் வழங்கிவருகிறது. மின்சாரம் நின்றாலும் நெட் வரவில்லை. கம்பி அறுந்தாலும் நெட் வரவில்லை. மாதக் கட்டணம் செலுத்தத் தவறினாலும் நெட் வரவில்லை. காய்ச்சல் என்று கேட்ட மாத்திரத்தில், நாடியும் பாராமல் மருந்து கொடுக்கும் மருத்துவரை நாம் நம்புவதில்லை. அவ்வாறிருக்க, இணையம் நின்ற மாத்திரத்தில் கைக்கு எட்டிய பொத்தான்களையெல்லாம் அழுத்திப் பார்ப்பது எங்ஙனம் பொருந்தும்? தடை எங்கே என்பதை முதலில் காணவேண்டும். அதன் பின்னரே கை வைக்கவேண்டும். இதுவே இன்று நான் உங்களிடம் சொல்லவந்த செய்தி.

இஃது ஒரு பொழுதுபோக்குக்குரிய செய்தி அன்று. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையத் தொடர்பு வழங்கத் தொடங்கியது 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள். அக்காலத்தில் அது சிலருக்கே கிட்டிய புதுமை. நின்றுபோனால் எவருக்கும் பெருநட்டம் இல்லை. இன்றைய நிலை வேறு. 2018ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வு இணையவழியே நடைபெற்று வருகிறது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பல மாணவர்களுக்கு வகுப்பறையே அந்தச் சிறு திரைக்குள் வந்து சேர்ந்தது. விண்ணப்பம், தேர்வு நுழைவுச்சீட்டு, உதவித்தொகை ஆகிய யாவும் இன்று அவ்வழியே வருகின்றன. குறித்த நாளில் குறித்த மணிக்குள் ஒரு பட்டியலை அனுப்பத் தவறினால், ஓராண்டுப் படிப்பே கைநழுவக் கூடும். ஆதலின், தடையை ஆராயும் முறையை அறிந்திருத்தல் மாணவர்க்கு இன்றியமையாதது.

முதலில், செய்தி செல்லும் வழியை மனக்கண்ணால் காண்போம். உங்கள் கையிலுள்ள செல்பேசி அல்லது கணினி வழியின் ஒரு முனை. அங்கிருந்து வைஃபை என்னும் வானொலி அலையாய்ச் செய்தி புறப்பட்டு, சுவரோரத்தில் விளக்குகள் மின்னும் சிறு பெட்டியை அடைகிறது. அப்பெட்டியை ரூட்டர் என்கிறோம். திசைவி என்பது அதன் தமிழ்ப் பெயர். பெட்டியிலிருந்து செய்தி ஒளியாய் மாறிக் கண்ணாடி இழையில் ஓடுகிறது. அவ்விழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கே. அதனுள்ளும் ஒளி செல்லும் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இத்தகைய இழைகளால் நெடுந்தூரம் செய்தி அனுப்ப இயலும் என்பதை 1966ஆம் ஆண்டில் சார்லஸ் காவ் என்னும் அறிஞர் எடுத்துக்காட்டினார். அதன்பொருட்டு 2009ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவ்விழை தெருக் கம்பத்தைக் கடந்து, இணைய நிறுவனத்தின் நிலையத்தைச் சேர்கிறது. அங்கிருந்து நகரைக் கடந்து, வேண்டுமாயின் கடலையும் கடந்து, நீங்கள் நாடிய கணினியை அடைகிறது.

ஆக, நம் கை, காற்று, பெட்டி, தெருக்கம்பி, நிலையம், அதற்கு அப்பாலுள்ள உலகம் என வழியை ஆறு பகுதிகளாகக் கொள்ளலாம். இவற்றுள் எதில் குறை நேர்ந்தாலும் திரையில் தோன்றும் அறிகுறி ஒன்றே. ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே வினவி, குறையற்றதை விலக்கிக்கொண்டே சென்றால், குறையுடையது தானே எஞ்சிநிற்கும்.

முதல் வினா: நின்றது ஒரு கருவியிலா, எல்லாக் கருவிகளிலுமா? அக்காளின் செல்பேசியில் இணையம் வருகிறது, உங்கள் கணினியில் மட்டும் வரவில்லை எனின், தெருக்கம்பியைப் பழிக்க இடமில்லை. குறை உங்கள் கணினியில் இருக்கிறது. பழைய கணினி ஒன்றில் நாளும் மணியும் தவறாக இருந்தாற்கூடப் பாதுகாப்புள்ள பக்கங்கள் திறக்க மறுக்கும். அக்கணினியின் கணக்குப்படி, அப்பக்கங்களின் நம்பகச் சான்றுகள் காலாவதியானவையாகவோ, இன்னும் நடைமுறைக்கு வராதவையாகவோ தோன்றுவதே அதற்குக் காரணம்.

இரண்டாம் வினா: பெட்டியின் விளக்குகள் என்ன சொல்கின்றன? இழை வழியாக இணையம் பெறும் பெட்டிகளில் பெரும்பாலும் 'எல்.ஓ.எஸ்.' என்னும் எழுத்துகளின் அருகே ஒரு விளக்கு உண்டு. அது சிவப்பாய் எரிந்தாலோ மின்னினாலோ, வெளியிலிருந்து ஒளி வந்துசேரவில்லை என்பது பொருள். உடனே பீரோவின் பின்புறத்தைப் பாருங்கள். மெல்லிய இழை நசுங்கியிருக்கலாம்; கூரிய கோணமாய் மடிந்திருக்கலாம். செப்புக் கம்பி மடிப்பைப் பொறுக்கும். கண்ணாடி இழை பொறுக்காது. மடிந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். ஓர் எச்சரிக்கையும் உண்டு: கழன்ற இழையின் முனையைக் கண்ணருகே வைத்து ஒருபோதும் பார்த்தல் ஆகாது. அதில் ஓடும் ஒளி கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி. புலப்படாமையாலேயே அதனிடம் மிக்க விழிப்பு வேண்டும்.

மூன்றாம் வினா: குறை காற்றிலா, கம்பியிலா? பெட்டிக்கு மிக அருகில் சென்று பாருங்கள். அங்கே நன்றாக வந்து, படுக்கை அறையில் நலிந்தால், குறை இடையிலுள்ள வெளியில்தான். வைஃபை அலைகள் பெரும்பாலும் இருவகைப்படும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு கடந்து செல்லும். ஆனால் அண்டை வீடுகளின் பெட்டிகள் பலவும் அதையே பயன்படுத்துவதால் நெருக்கடி மிகுதி. நுண்ணலை அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில் இயங்குவது. 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெருக்கடி குறைவு; ஆனால் சுவர்களுக்கு அது விரைவில் தளரும். கோவிலம்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளை போன்ற பகுதிகளில் வயல்களும் ஏரிக்கரைகளுமாய் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. ஒரு வீட்டில் நின்று தேடினால் இருபது வீட்டின் வைஃபைப் பெயர்கள் தோன்றும். சந்தையில் இருபது பேர் ஒரே நேரத்தில் கூவினால் எவர் சொல்லும் விளங்காதது போன்றதே இதுவும். பெட்டியை இரும்புப் பீரோவின் பின்னே ஒளித்துவைக்காமல், வீட்டின் நடுவே உயரமான இடத்தில் வைத்தலே பாதி மருத்துவம் ஆகும்.

நான்காம் வினா: எண் கிடைக்கிறதா, பெயர் கிடைக்கிறதா? ஒவ்வொரு கருவிக்கும் வீட்டு இலக்கம் போன்ற ஓர் எண் உண்டு, அதனை ஐ.பி. முகவரி என்பர். வீட்டினுள் அவ்வெண்ணை வழங்குவது ரூட்டர். அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். கணினியில் 169.254 என்று தொடங்கும் எண்ணைக் கண்டால், ரூட்டரிடமிருந்து எண் வந்து சேரவில்லை, கணினி தானே ஓர் எண்ணைச் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். எண் சரியாக இருப்பின், 'பிங்' என்னும் சிறு கட்டளையைக் கொண்டு வழியைச் சோதிக்கலாம். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் என்பவர் இதனை ஆக்கினார். நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலிக்குச் செவிகொடுப்பது போல, இக்கட்டளையும் ஒரு சிறு செய்தியை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்கும். முதலில் ரூட்டரின் எண்ணுக்கு அனுப்புங்கள். மறுமொழி வந்தால் வீட்டினுள் குறை இல்லை. அடுத்து, 8.8.8.8 என்னும் வெளியுலக எண்ணுக்கு அனுப்புங்கள். அங்கிருந்தும் மறுமொழி வந்தால் தெருக்கம்பியிலும் குறை இல்லை. பின்னர், ஓர் இணையதளத்தின் பெயரைச் சொல்லி அனுப்புங்கள். எண்ணுக்கு மறுமொழி வந்து, பெயரை மட்டும் காணமுடியவில்லை எனின், குறை பெயர்ப் பதிவேட்டில் இருக்கிறது.

பெயர்ப் பதிவேடு என்றது யாதெனில், பெயரை எண்ணாக மாற்றித்தரும் ஏற்பாடு. டி.என்.எஸ். எனப்படும் அவ்வேற்பாட்டைப் பால் மாக்கபெட்ரிஸ் என்பவர் அதே 1983ஆம் ஆண்டில் வகுத்தார். வகுப்பில் மாணவன் இருக்கிறான், இருக்கையும் இருக்கிறது, வருகைப் பதிவேடு மட்டும் காணவில்லை எனின், பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியர் திகைத்து நிற்பார் அல்லவா? அந்நிலையே இது. ரூட்டரிலோ கணினியிலோ வேறொரு பதிவேட்டின் எண்ணைக் குறித்துக்கொடுத்தால் இக்குறை தீரும்.

இம்முறையின் பயனை விளக்க, கோவிலம்பாக்கத்தில் நான் வசிக்கும் தெருவில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கலந்தாய்வுக் காலம், எதிரெதிர் வீடுகளில் ஒரு மாணவியும் ஒரு மாணவனும் தத்தம் விருப்பக் கல்லூரிப் பட்டியலை மறுநாள் மாலைக்குள் அனுப்பவேண்டியவர்கள். மாலையில் தெருமுனையில் பள்ளம் தோண்டிய இயந்திரம் இணைய இழையை அறுத்துவிட்டது. இரு வீட்டிலும் இணையம் நின்றது.

மாணவனின் தமையன், உதவும் நல்லெண்ணத்தோடு, பெட்டியின் பின்புறமுள்ள சிறு துளைக்குள் ஊசியைச் செலுத்தி அழுத்தினார். மாணவியோ பெட்டியின் விளக்கைப் பார்த்தாள், சிவப்பு. இழை எங்கும் மடியவில்லை என்று கண்டாள். எதிர்வீட்டில் வினவினாள், அங்கும் சிவப்பே. குறை வெளியில் உள்ளது என்று தெளிந்தாள். இணைய நிறுவனத்துக்குத் தொலைபேசியில், "சிவப்பு விளக்கு எரிகிறது, எதிர்வீட்டிலும் அவ்வாறே, தெருமுனையில் தோண்டுகிறார்கள்" என்று மூன்று செய்திகளைச் சொன்னாள். பின்னர்த் தந்தையின் செல்பேசித் தொடர்பைக் கணினிக்குப் பகிர்ந்து, பட்டியலை அமைதியாக இருமுறை சரிபார்த்து அனுப்பினாள். எதிர்வீட்டாருக்கும் வழி சொன்னாள். ஆயினும் அதற்குள் ஊசி துளைக்குள் சென்றுவிட்டது.

மறுநாள் நண்பகலில் இழை ஒட்டப்பட்டது. தெருவெங்கும் இணையம் வந்தது. அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வரவில்லை. ஊசியால் அழுத்தும் அப்பொத்தான் பெட்டியைப் புதுப்பிப்பதன்று. அதன் நினைவை அழிப்பது. நிறுவனம் பதிந்துவைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதனோடு போயின. செல்பேசித் தொடர்பும் அவ்வீட்டில் நலிவாக இருந்தமையால், மாணவன் மேடவாக்கத்துக்குப் பேருந்தில் ஓடி, ஒரு கணினி மையத்தில் கடைசி மணிநேரத்தில் பட்டியலை அனுப்பினான். மறுமுறை சரிபார்க்க நேரம் இல்லை. கல்லூரிகளின் வரிசையில் இரண்டு இடம் மாறிப்போயிற்று என்று பின்னர் அறிந்து வருந்தினான். தெருவில் நேர்ந்த குறை இருவருக்கும் ஒன்றே. வீட்டுக்குள் நாமே சேர்த்துக்கொண்ட குறை ஒருவருக்கு மட்டுமே.

மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் தருவது வேறு. ஊசியால் அழுத்துவது வேறு. முன்னது களைத்தவனை உறங்கி எழச்செய்வது. பின்னது அவன் கற்றதையெல்லாம் மறக்கச்செய்வது. முன்னதைத் தயங்காமல் செய்யலாம். பின்னதை, மீண்டும் பதியவேண்டிய விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பிற வழிகள் யாவும் அடைபட்ட பின்னரே செய்யவேண்டும்.

சிலவேளை குறை நம் தெருவையும் கடந்து நிற்கும். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது, ஆயிரக்கணக்கான மரங்கள் வீழ்ந்தன. மின்சாரத்தோடு இணையமும் பல இடங்களில் நின்றது. 2008ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் எகிப்தின் அலெக்சாந்திரியா நகருக்கு அருகே கடலடிக் கம்பிகள் அறுந்தபோது, இங்கே இந்தியாவில் இணையம் தளர்ந்தது. அத்தகைய நாளில் நாம் நம் பெட்டியை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயன் இல்லை. நம் கை எட்டும் எல்லை எது என்பதை உணர்வதும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே.

இறுதியாக இரு விதிகளை நினைவிற்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மூன்றை ஒருசேர மாற்றினால், குறை தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்பது விளங்காது. மாற்றியதை ஒரு தாளில் மணியோடு குறித்துவையுங்கள். அக்குறிப்பு அடுத்த முறை உங்களுக்கும், வந்து பார்க்கும் பணியாளருக்கும் உதவும். ஆய்வுக்கூடத்தில் உப்பைப் பகுத்தறியும்போது நீங்கள் கைக்கொள்ளும் முறையும் இதுவே அன்றோ? அறிவியல் பாடநூலில் மட்டும் உறைவதன்று. வீட்டுச் சுவரோரத்தில் மின்னும் விளக்கிலும் அதற்கு வேலை உண்டு.

உங்கள் தெருவிலும் இணையம் நின்றால் செய்வதறியாது நிற்கும் முதியவர் ஒருவர் இருப்பார். ஓய்வூதியச் செய்திக்கோ, கடல் கடந்து வாழும் மகளின் குரலுக்கோ அவர் காத்திருப்பார். அவர் வீட்டுப் பெட்டியின் முன் நின்று, பதறாமல் இந்த நான்கு வினாக்களையும் கேட்டுப்பாருங்கள். கற்ற கல்வி பிறர்க்குப் பயன்படும் இடங்களுள் அதுவும் ஒன்று.