விலைப்பலகை ஒன்றுதான், விற்பனை ஏன் வேறு?



மதுரையில் 1999 நவம்பர் 14 அன்று முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. உழவர் சந்தையில் காலையில் பலகையில் எழுதுகிற விலைதான் எல்லாக் கடைக்கும். கத்தரிக்காய் கிலோ 30 ரூபாய் என்று எழுதிவிட்டால் உங்களுக்கும் 30, பக்கத்துக் கடைக்காரருக்கும் 30. அப்படியிருந்தும் ஒருவர் எட்டு மணிக்கே சாக்கை உதறி மடித்துக்கொண்டு கிளம்புகிறார். இன்னொருவர் பத்து மணிக்கு மிச்சக் காயை வியாபாரியிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார். பத்துக் கிலோ மிஞ்சினால் 150 ரூபாய் போச்சு. வாரத்தில் ஐந்து நாள் இப்படியானால் 750 ரூபாய்.

வாங்க வருகிறவருக்கு விலை தெரிந்த சங்கதி. அதனால் அவர் கண் போவது காம்பின் மேல்தான். காம்பு பச்சையாக, தோல் மினுமினுப்பாக இருந்தால் கை தானாக நீளும். காம்பு கறுத்திருந்தால் இது நேற்றைய காய் என்று அந்தம்மா முடிவு கட்டிவிடுவார். வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். இதற்காகச் சிலர் சண்டைக்குப் போகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒடியாத காயைக் கொண்டுவந்தது யாருங்க? வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை என்று நாலு நாள் விட்டால் நார் ஓடிவிடும்.

கீரை வெயிலுக்கு முன்பே வாடும். விடியற்காலையில் அறுத்து, நல்ல தண்ணீரில் அலசி, ஈரச்சாக்கு போட்டு மூடிக் கொண்டுவாருங்கள். வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் ஓடினால் அதில் அலசவே வேண்டாம்.

சொத்தையை அடியில் வைத்து மேலே நல்ல காயை அடுக்குகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது அந்த ஒரு நாளைக்குத்தான் ஓடும். சிறுத்த காயைத் தனியாகக் குவித்து, குறைத்துக் கேளுங்கள். அதற்கும் ஆள் உண்டு. தராசின் முகப்பு வாங்குகிறவர் பக்கம் திரும்பியிருக்கட்டும். இப்போது வீட்டுக்கு மூன்று பேர், நாலு பேர்தான். கால் கிலோ கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். ஒரு கொத்து கறிவேப்பிலை கொசுறாகப் போடுங்கள், உங்கள் வேலியோரத்துச் செடிதானே! சில்லறைத் தகராறுக்குக் கைப்பேசியில் பணம் வாங்குகிற அட்டை ஒன்று தொங்கவிட்டால் போதும்.

இன்னொன்று, “மருந்து அடிச்ச காயா?” என்று இன்றைக்கு நிறையப் பேர் கேட்கிறார்கள். அடித்திருந்தால் இல்லை என்று சொல்லாதீர்கள். மருந்து டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டில், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று பயிர்வாரியாகப் போட்டிருக்கும். அந்தக் கணக்கு முடியாமல் காயில் கை வைக்க வேண்டாம். சீட்டை எறிந்துவிடாமல், பின்பக்கத்தில் அடித்த தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிறவரிடம் எடுத்து நீட்டலாம்.