காற்றின் வரவு செலவுக் கணக்கு



"இலைகளுக்கு உணவு கரியமிலவாயு. அது காற்றில் மிகுந்தால் பயிருக்கு நன்மைதானே? அதற்கு ஏன் அஞ்ச வேண்டும்?" என்று வினவும் மாணவர் உண்டு. நல்ல வினா, விடை காண்போம்.

இலையின் நுண்துளைகள் வழியே கரியமிலவாயு உட்புகுகின்றது. வேர் உறிஞ்சிய நீர் தண்டின் வழியே வந்து சேர்கின்றது. இலையிலுள்ள பச்சையம் கதிரவன் ஒளியைப் பற்றி, இவ்விரண்டையும் கொண்டு சர்க்கரையை ஆக்குகின்றது, பிராணவாயு வெளியேறுகின்றது. இதுவே ஒளிச்சேர்க்கை. நாம் உண்ணும் சோற்றிலும், அதைச் சமைக்கும் விறகிலும் உள்ள கரி முழுவதும் ஒரு காலத்தில் காற்றில் கலந்திருந்ததே என்றால் வியப்பன்றோ?

ஆயினும், இலை பெற்றதெல்லாம் அதனிடமே தங்கிவிடுவதில்லை. சருகு மட்கினாலும், விறகு எரிந்தாலும், வைக்கோலை மாடு தின்று மூச்சு விட்டாலும் அக்கரி மீண்டும் வாயுவாகிக் காற்றை அடைகின்றது. இந்த வரவையும் செலவையும் அளந்து காட்டியவர் சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் அமெரிக்க அறிஞர். ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா எரிமலையின் சரிவில், ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில், 1958 மார்ச்சு மாதம் இவ்வளவீடு தொடங்கிற்று. அன்று பத்து இலட்சம் பங்கு காற்றில் கரியமிலவாயு 313 பங்கு இருந்தது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் அவ்வளவு உச்சத்தை எட்டியது, செப்டம்பர், அக்டோபரில் தாழ்ந்தது, மறுபடியும் ஏறியது. காரணம் யாது? வட அரைக்கோளத்தில் நிலப்பரப்பு மிகுதி. அங்குள்ள தாவரங்கள் கோடையில் தழைத்து வாயுவை ஏற்கின்றன. குளிர்காலத்தில் இலையுதிர்ந்து மட்கத் திருப்பித் தருகின்றன. பூமியே மூச்சு விடுவது போன்ற காட்சி இது!

ஆனால் கணக்கு நேராகவில்லை. ஆண்டுக்காண்டு இருப்பு உயர்ந்து, 2024ஆம் ஆண்டின் சராசரி 424ஐத் தாண்டியது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் தாவரங்கள் காற்றிலிருந்து பெற்று மண்ணில் புதைந்த கரியே நிலக்கரி. அந்தப் பழஞ்சேமிப்பையும் பெட்ரோலியத்தையும் நாம் விரைந்து எரிக்கின்றோம். நாம் வெளியிடுவதில் ஏறத்தாழப் பாதியையே தாவரங்களும் கடலும் ஏற்கின்றன. எஞ்சியது காற்றில் தங்குகின்றது.

தங்கினால் என்ன? பூமி வெளிவிடும் வெப்பக் கதிர்களை நைட்ரஜனும் பிராணவாயுவும் தடுப்பதில்லை; கரியமிலவாயு உட்கவர்கின்றது. 1859இல் ஜான் டிண்டல் இவ்வாயுவின் இயல்பை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பித்தார். இப்போர்வை அளவோடு இருப்பதால்தான் நாம் குளிரில் உறையாது வாழ்கின்றோம். தடித்தால் பூமி சூடேறும்.

வாயு மிகுந்தால் நெல்லில் ஒளிச்சேர்க்கை விரைவுறும் என்பது மெய்யே. ஆனால் பயிருக்கு வாயு மட்டும் போதுமா? நீர் வேண்டும், உரம் வேண்டும், தாங்கத்தக்க வெப்பமும் வேண்டும். நெல் பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பதர் மிகும். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பது போன்றது இது.

எனவே, மரம் நடுவோம்; அது நன்று. ஆனால் மரம் தன் வாழ்நாள் அளவே கரியைக் காத்து வைக்கும்; நிலத்தடியில் உள்ளதை எரிக்காது விடுவதே நிலையான காப்பு. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் நம் முன்னோர். காற்றிலே விடுவதற்கும் அது பொருந்தும் அன்றோ?