மிச்சப்படுத்தச் சொல்வது யாரிடம்?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு பேசும் மேடையில் மின்விசிறியைப் பற்றியும் வீட்டுக் கூரையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். ‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்பது பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போடுகிற வாசகம், அதில் என்ன அரசியல் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மின்தேவையைக் குறைப்பது இன்றைக்கு உலகம் முழுக்கப் பேசப்படும் கொள்கை. 2022-இல் வெளியான ஐ.பி.சி.சி. அறிக்கை, மக்களின் தேவைப் பக்கத்தில் செய்யும் மாற்றங்களுக்கென்றே ஒரு தனி அத்தியாயம் ஒதுக்கியது. கட்டடம், போக்குவரத்து, உணவு ஆகியவற்றில் தேவையை மாற்றியமைத்தால் இத்துறைகளின் பசுங்குடில் வாயு உமிழ்வை 2050-க்குள் 40 முதல் 70 விழுக்காடு வரை குறைக்கலாம் என்றது. இதை நான் மறுக்கப்போவதில்லை. யாருடைய தேவையைக் குறைப்பது, யாருடைய தேவை இன்னும் தேவையாகவே கணக்கில் வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

முதலில் அண்ணலிடமிருந்து தொடங்குகிறேன். அரசியல் சட்டத்தோடு அம்பேத்கரை நிறுத்திவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது மின்சாரமும் நீர்ப்பாசனமும் அவர் பொறுப்பில்தான் இருந்தன. 1943 அக்டோபரில் மின்சக்திக் கொள்கைக் குழுவின் கூட்டத்தில் அவர் பேசியது, மின்சாரம் மலிவாகக் கிடைத்தால் மட்டும் போதாது, தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்பதைத்தான். தொழில்மயமாகாமல் இந்த மக்கள் வறுமைச் சுழலிலிருந்து வெளியேற முடியாது, மின்சாரம் இல்லாமல் தொழில்மயம் இல்லை என்பது அவர் வாதம். கிராமத்தில் கூலிக்கு உடலைக் கொடுத்துக்கொண்டிருந்த மக்களை மனத்தில் வைத்துச் சொன்னது இது. உடல் உழைப்பை எந்திரம் ஏற்றுக்கொள்வது நமக்கு விடுதலையோடு சம்பந்தப்பட்ட விஷயம். ஆகவே ‘குறைத்துக்கொள்’ என்று யாராவது சொன்னால், அதை நம் பக்கத்திலிருந்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படித் தாராளமாகக் கிடைத்ததா? ‘மின்மயமான கிராமம்’ என்பதற்கு இந்திய அரசு வைத்திருந்த இலக்கணத்தைப் பாருங்கள். 1997 வரை, கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எந்தக் காரியத்துக்காவது மின்சாரம் பயன்பட்டால் போதும், அது மின்மயமான கிராமம். ஒரு பண்ணையாரின் கிணற்றில் பம்புசெட் ஓடினாலே கணக்கு முடிந்தது. பிறகு குடியிருப்புப் பகுதிக்குள் மின்சாரம் வர வேண்டும் என்று திருத்தினார்கள். 2004-இல் வந்த புதிய இலக்கணத்தில்தான், தலித் குடியிருப்பு இருக்குமானால் அங்கும் மின்மாற்றியும் கம்பிகளும் போயிருக்க வேண்டும், மொத்த வீடுகளில் 10 விழுக்காட்டுக்காவது இணைப்பு இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். சுதந்திரம் வந்து 57 ஆண்டுகள் கழித்து! ஊருக்கு வெளிச்சம் வந்துவிட்டது என்று கொண்டாடப்பட்ட காலத்தில் சேரி அந்த ஊரின் கணக்கில் இல்லை.

இந்தப் பின்னணியோடு ஆற்றல் திறன் கொள்கைக்கு வருவோம். 2001-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் வந்தது. 2002-இல் எரிசக்தித் திறன் பணியகம் தொடங்கப்பட்டது. 2006-இலிருந்து ஃபிரிட்ஜிலும் ஏ.சி.யிலும் நாம் பார்க்கும் அந்த நட்சத்திர ஸ்டிக்கர் இவர்கள் கொண்டுவந்ததுதான். எத்தனை ஸ்டார் என்று பார்த்து வாங்குவது இன்று நம் வீடுகளில் சாதாரணப் பேச்சாகிவிட்டது.

இந்தக் கொள்கையின் பெரிய வெற்றி எல்.இ.டி. பல்பு. 2014 தொடக்கத்தில் அரசு நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்குக் கொள்முதல் செய்தது. லட்சக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டதால் 2016-க்குள் அந்த விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. 2015-இல் தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விற்கப்பட்டன. இன்று குண்டு பல்பு எரியும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏழை வீடும் இதில் பயன்பெற்றது. மக்களிடம் உபதேசம் செய்து வந்த மாற்றமல்ல இது. அரசு இறங்கி மொத்தமாக வாங்கியது, விலை விழுந்தது, பொருள் பெட்டிக்கடை வரை வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பல்புக்குச் செய்ததை மின்விசிறிக்குச் செய்தார்களா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நம் வீடுகளில் சுற்றும் சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட்ஸ் எடுக்கும். பி.எல்.டி.சி. என்று சொல்லப்படும் புதுவகை ஃபேன் அதே காற்றை 30 வாட்ஸில் தரும். நாளைக்கு 15 மணி நேரம் சுற்றினால், இரண்டு மாதத்துக்குப் பழைய ஃபேனுக்கு 67 யூனிட் போகும். புதியதற்கு 27 யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். பழைய ஃபேன் ஒன்றே அந்த இலவசத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தின்றுவிடுகிறது. புதிய ஃபேன் இரண்டு சுற்றினாலும் 54 யூனிட்தான். விளக்கு, டி.வி., போன் சார்ஜர் எல்லாம் மிச்சத்தில் அடங்கிவிடும்.

பிறகு ஏன் வாங்குவதில்லை? சாதாரண ஃபேன் ஏறக்குறைய 1,500 ரூபாய், பி.எல்.டி.சி. ஃபேன் ஏறக்குறைய 3,000 ரூபாய். தினக்கூலி வாங்கும் குடும்பத்துக்கு இந்த 1,500 ரூபாய் வித்தியாசம் இரண்டு மூன்று நாள் வருமானம். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு பில்லே வராது. மின்சாரம் மிச்சமானால் அந்த வீட்டுக்குக் காசு மிச்சமாகாது, மின்வாரியத்துக்குத்தான் மிச்சமாகும். வருடத்தில் 8 மாதம் என்று வைத்தால் ஒரு ஃபேனுக்கு 160 யூனிட் மிச்சம். மின்வாரியத்துக்கு ஒரு யூனிட் கொடுக்க 7 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,100 ரூபாய்க்கு மேல். இரண்டு ஆண்டுகூட ஆகாது, அந்த விலை வித்தியாசம் வாரியத்துக்குத் திரும்பி வந்துவிடும். லாபம் யாருக்கோ, அவர்தானே ஃபேனுக்குப் பணம் போட வேண்டும்?

2023 நவம்பரில் ஒன்றிய அரசின் நிறுவனம் ஒரு கோடி சிக்கன மின்விசிறிகள் என்று ஒரு திட்டத்தை அறிவித்தது. அதிலும் கையில் பணம் வைத்திருப்பவர்தான் வாங்கலாம். தமிழ்நாட்டுக்கு இது புதிய வேலையே இல்லை. 2006-இல் வீட்டுக்கு வீடு டி.வி. கொடுத்த மாநிலம், 2011-இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்த மாநிலம் இது. அதே கை இன்று 30 வாட்ஸ் ஃபேன் என்று டெண்டரில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

இன்னொரு பக்கம் ஏ.சி.யைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஏறக்குறைய 1 யூனிட் எடுக்கும். இரவு 8 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். ஒரு அறைக்கு மட்டும் இது. ஒன்றிய அரசு 2019-இல் குளிரூட்டல் செயல்திட்டத்தை வெளியிட்டபோது நாட்டில் ஏறக்குறைய 8 விழுக்காடு வீடுகளில்தான் ஏ.சி. இருந்தது. நான்கு படுக்கையறையிலும் ஐந்து ஸ்டார் ஏ.சி. மாட்டியவர் கொள்கையின் பார்வையில் சிக்கனக்காரர். ஒற்றை அறையில் பழைய ஃபேன் சுற்றுபவர் மின்சாரத்தை வீணாக்குபவர். அந்த ஸ்டிக்கர் ஒரு பொருளை இன்னொரு பொருளோடு ஒப்பிடுகிறது. ஒரு வீடு மொத்தம் எவ்வளவு எடுக்கிறது என்று அது கேட்பதே இல்லை.

வாடகைக்கு இருக்கும் தோழர்களுக்கு அடுத்த சிக்கல் தெரிந்திருக்கும். சென்னையில் நிறைய வீடுகளில் மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், நமக்கு ஒரு சப்-மீட்டர். யூனிட்டுக்கு 8 ரூபாய், 9 ரூபாய், 10 ரூபாய் என்று அவர் சொல்வதுதான் விலை. நானும் அப்படித்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். இலவச 100 யூனிட் நம் கைக்கு வராது. ஃபேனும் கூரையும் அவருடையவை, பில் நம்முடையது. மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிக்க அவருக்கு என்ன அவசியம்? சாதி கேட்டு வீடு கொடுக்கும் நகரத்தில், கிடைத்த வீட்டில் வாயைத் திறந்து மீட்டர் கேட்கும் துணிச்சல் யாருக்கு இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இனி கூரை. கள ஆய்வுக்குப் போன ஒரு காலனியில், சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டுக்கு வெளியே சாயங்காலம் உட்கார்ந்திருந்த ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: “கரண்டை மிச்சம் பண்ணுங்கன்னு சொல்லத்தான் வந்தியாம்மா? உள்ள போய் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வா, அப்புறம் சொல்லு.” ஷீட்டும் மெல்லிய கான்கிரீட்டும் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி இரவில் உள்ளே இறக்குகின்றன. ஃபேன் அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது. இங்கே மின்தேவையைத் தீர்மானிப்பது அந்த அக்காவின் பழக்கவழக்கம் அல்ல. மலிவாகக் கட்டிக் கொடுக்கப்பட்ட கூரை அதைத் தீர்மானித்துவிட்டது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு எளிய தொழில்நுட்பம்தான். தெலங்கானா 2023-இல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. நம் தொகுப்பு வீடுகளும் காலனி வீடுகளும்தான் இதில் முதல் வரிசையில் நிற்க வேண்டியவை.

கூரைக்கு அடுத்தது தூரம். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் வாழ்ந்த மக்களை 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். வீட்டுவேலை, துப்புரவு, சுமைதூக்குதல் என்று அவர்களின் பிழைப்பு நகரத்துக்குள் இருந்தது. நடந்துபோன வேலைக்கு இப்போது 20 கிலோமீட்டர் பயணம். எட்டு மாடிக் கட்டடத்தில் தண்ணீர் ஏற மோட்டார், ஆள் ஏற லிஃப்ட். ஒரு உத்தரவில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் ஆற்றல் தேவையை அரசே கூட்டிவிட்டது. மின்சிக்கனம் பற்றிய எந்த அறிக்கையிலும் இது இழப்பாகப் பதிவாகாது. ஆனால் வேலைக்குப் பக்கத்தில் வீடு என்பதைவிடப் பெரிய ஆற்றல் சிக்கனம் எது? 2021 முதல் பெண்களுக்குக் கிடைத்த கட்டணமில்லாப் பேருந்தையும் நான் இந்தக் கணக்கில்தான் வைக்கிறேன்.

இரண்டு எதிர்வாதங்கள் வரும். இலவசம் கொடுத்தால் வீணாக்குவார்கள் என்பது ஒன்று. 100 யூனிட்டில் வீணாக்குவதற்கு என்ன இருக்கிறது என்று மேலே பார்த்தோம். இன்னொன்று கொஞ்சம் கனமானது. 1865-இலேயே ஜெவோன்ஸ் என்ற பொருளியலாளர், நீராவி எந்திரங்களின் திறன் கூடினால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று எழுதினார். மிச்சமாவதை வேறு வழியில் செலவழித்துவிடுவோம் என்பது வாதம். வசதியானவருக்கு இது பொருந்தலாம். ஆனால் ஒரு ஃபேனில் மிச்சமான மின்சாரத்தில் பிள்ளை படிக்கும் இடத்தில் இரண்டாவது ஃபேன் சுற்றினால் அதை இழப்பு என்று எழுதுவீர்களா? அது இத்தனை நாள் மறுக்கப்பட்ட தேவை. இந்தியாவில் ஓர் ஆளுக்கான ஆண்டு மின்நுகர்வு சுமார் 1,400 யூனிட், உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. அந்தச் சராசரிக்குள்ளும் மாளிகையும் குடிசையும் ஒன்றாகக் கலந்துகிடக்கின்றன.

அப்படியானால் தேவையைக் குறைப்பதே நமக்கு வேண்டாத வேலையா? இல்லை தோழர்களே, நமக்குத்தான் அது அதிகம் வேண்டும். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த உச்சத்தைக் காட்டித்தான் புதிய அனல்மின் நிலையங்கள் கேட்கப்படுகின்றன. அவை எங்கே வருகின்றன? எண்ணூரில் வருகின்றன. அங்கே கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்து மீனவர்களின் பிழைப்பு போயிருக்கிறது. நெய்வேலியைச் சுற்றிச் சுரங்கம் விரிகிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிரின் மேல் எந்திரங்கள் இறங்கியதைப் பார்த்தோம். நிலம் வைத்திருந்தவருக்கு இழப்பீடு பற்றியாவது பேச்சு நடக்கிறது. அந்த நிலத்தில் நடவு நட்ட, நிலமில்லாத கூலிக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது? ஏ.சி. அறையின் குளிர்ச்சிக்கான விலையை அந்த அறையைப் பார்த்தே இராதவர்கள் கட்டுகிறார்கள்.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். 100 யூனிட்டுக்குள் இருக்கும் வீடுகளுக்கு மின்வாரியமே சிக்கன மின்விசிறி கொடுக்கட்டும். அரசு கட்டிக் கொடுத்த காலனி வீடுகளின் கூரைகளை அரசே குளிர்விக்கட்டும். வாடகைக்கு இருப்பவருக்குத் தனி மீட்டரும் அந்த 100 யூனிட்டும் உரிமையாகட்டும். மறுகுடியமர்வு வேலைக்குப் பக்கத்தில் நடக்கட்டும். அதிகம் எடுக்கும் வீடுகளுக்கும் கண்ணாடிக் கட்டடங்களுக்கும் கட்டுப்பாடு மேலிருந்து தொடங்கட்டும்.

ஆய்வு செய்யும் தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் காலனியில் ஐந்து வீட்டின் ஈ.பி. அட்டையை வாங்கிப் பாருங்கள். கூரை என்ன, ஃபேன் எத்தனை, மீட்டர் யார் பெயரில் என்று எழுதுங்கள். ஊர்த் தெருவிலும் அதையே செய்யுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, மிச்சப்படுத்தச் சொல்லும் நோட்டீஸை எந்தத் தெருவில் ஒட்டுவது என்று முடிவு செய்வோம்.