பிள்ளையை ரயிலேற்றி விடாதீர்கள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நான் வழக்கமாக ரேஷன் கார்டு, போனஸ் என்றுதான் பேசுவேன். இன்று நம் வீட்டுக்குள்ளே நடக்கும் ஒன்றைப் பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நம் பகுதித் தகப்பனார் ஒருவர் தம் பையனை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பதினான்கு வயது. அக்காவின் தாவணியைக் கட்டிப் பார்த்ததற்காக முதுகெல்லாம் பெல்ட் தழும்பு. "அண்ணாச்சி, நீங்க நாலு வார்த்தை புத்தி சொல்லுங்க" என்றார். நானும் சொன்னேன்: "ஆம்பளப் பிள்ளையா இரு, அப்பா மானத்தைக் காப்பாத்து." பிள்ளை தலை நிமிரவில்லை. பத்தே நாளில் வீட்டை விட்டுப் போய்விட்டது. போர்ட்டர்கள் முதல் டிக்கெட் பரிசோதகர்கள் வரை விசாரித்தேன்; இன்றுவரை தகவல் இல்லை. தழும்பைப் பார்த்த பிறகும் தகப்பனாரின் மானத்தைப் பேசினேனே, அது என் குற்றம்.

"என் பிள்ளை, என் உரிமை" என்கிறோம். சட்டம் என்ன சொல்கிறது?

2014 ஏப்ரல் 15-இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. 2019-இல் நாடாளுமன்றம் மாற்றுப் பாலினத்தவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியது. 2020 ஜனவரி 10 முதல் அமலுக்கு வந்தது. அதன் 12-ஆம் பிரிவை நாம் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றுப் பாலினம் என்ற காரணத்துக்காக எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது. குழந்தையின் நலன் கருதி நீதிமன்றம் உத்தரவிட்டால்தான் பிரிக்கலாம். அதே பிரிவு பெற்றோருக்கும் கடிவாளம் போடுகிறது. அந்தப் பிள்ளைக்குக் குடும்பத்தோடு வசிக்க உரிமை உண்டு. வீட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் ஒதுக்கக்கூடாது. நம்முடையது பத்துக்குப் பத்து அறையானாலும் அதில் அதற்கும் பாய் விரிக்க இடம் உண்டு. வீட்டை விட்டுத் துரத்தினாலும், அடித்துத் துன்புறுத்தினாலும், 18-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம்.

நல்ல சட்டம்தானே என்பீர்கள். ஓட்டையும் இருக்கிறது, தோழர்களே! குடும்பத்தால் பராமரிக்க முடியாவிட்டால் என்ன வழி? நீதிமன்றம் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது சட்டம். குடும்பம் என்றால் ரத்தம், திருமணம், சட்டப்படியான தத்து ஆகியவற்றால் உறவானவர்கள் மட்டும்தானாம். வீடு துரத்திய பிள்ளைக்குச் சோறு போட்டு மகளாக ஏற்றுக்கொள்ளும் திருநங்கைத் தாய் இந்தச் சட்டத்தின் கண்ணில் குடும்பமே இல்லை. ஆகவே நாம் கதவைச் சாத்தினால், சட்டம் திறக்கும் கதவு மையத்தின் கதவுதான்.

இன்னொன்று. "டாக்டரிடம் காட்டினால் சரியாகிவிடும்" என்று சிலர் அலைகிறார்கள். சரியாக்க இது நோயல்ல. 2021 ஜூன் 7-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்படி "மாற்ற" முயலும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்குக்காக அவரே மனநல நிபுணரிடம் அமர்ந்து பாடம் கேட்டார். நீதிபதி கற்றுக்கொள்ளலாம் என்றால், ரயில்வே குமாஸ்தா கற்றுக்கொள்வதில் என்ன கேவலம்?

கடைசியாக, ஸ்டேஷனில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். தனியாகத் திரியும் பிள்ளையைக் கண்டால் 1098-க்கு போன் செய்யுங்கள். காசு கிடையாது, இரவும் பகலும் எடுப்பார்கள். 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் சட்டப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளையைக் குழந்தை நலக் குழுவின் முன் நிறுத்த வேண்டும். அங்கே நீங்களும் போங்கள். பிள்ளைக்கு மராத்தியோ இந்தியோ வராவிட்டால், அது சொல்வதைத் தமிழிலிருந்து எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். வீட்டில் அடி விழுந்ததா, திரும்பிப் போகப் பயமா என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

பிழைப்புக்காக ஊரை விட்டு ரயிலேறி வந்தவர்கள் நாம். பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லாமல் ரயிலேறுவது என்னவென்று நமக்குத் தெரியும். பெற்ற பிள்ளையை அப்படி ஏற்றி விடாதீர்கள். தகப்பனார் யாராவது "புத்தி சொல்லுங்க" என்று இனி என்னிடம் வந்தால், புத்தியை அவருக்குத்தான் சொல்வேன்.