கண்ணாடி இழையும் டோக்கனும்

சென்னை – மும்பை இருப்புப்பாதையும் கூடூர் – காட்பாடி இருப்புப்பாதையும் சந்திக்கும் ரேணிகுண்டாவை நாம் அறிவோம். ஒற்றைப் பாதையில் எதிரெதிர் வண்டிகள் மோதாதிருக்க இரயில்வேயார் கண்ட உபாயம் டோக்கன் உருண்டை. அதனைக் கையிற் பெற்ற ஓட்டுநரே வண்டியைச் செலுத்தலாம்; அது வெளியே உள்ளவரை கருவி மற்றொன்றைத் தராது.

1980களில் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயக் கழகம் கண்ணாடி இழை வலையத்துக்கு வகுத்த எப்.டி.டி.ஐ. என்னும் தரமும் இம்முறையையே கொண்டது. டோக்கன் என்ற பெயருங்கூட மாறவில்லை! வளையத்தைச் சுற்றிவரும் டோக்கனைப் பெற்ற கணிப்பொறியே செய்தி அனுப்பலாம். வேகம் விநாடிக்கு 10 கோடி பிட்டு. எதிர்த்திசையில் ஓடும் இரண்டாம் வளையமும் உண்டு. ஓரிடத்தில் இழை அறுந்துவிட்டால், அறுந்த இடத்தின் இருபுறத்து நிலையங்களும் இரு வளையங்களையும் பிணைத்து ஒன்றாக்கிவிடும், செய்தி நிற்பதில்லை.

முறையில் குறையில்லை, விலைதான் மிகுதி. 1998இல் ஈதர்நெட்டின் 802.3 இசட் தரம் பத்து மடங்கு வேகத்துடன் வந்தது. அதில் போவதற்கு ஓரிழை, வருவதற்கு ஓரிழை. இரட்டைப் பாதை கிடைத்தபின் டோக்கன் எதற்கு?

2000இல் தோன்றிய ரெயில்டெல் நிறுவனத்தின் இழைகளோ இருப்புப்பாதையின் ஓரமாகவே செல்கின்றன.